தாராளம் பாய் அடித்த காபி

பூமியில் இதுவரை டேப் பிடித்த தையல்காரர்களிலேயே, தான் எடுத்த அளவைத் தானே நம்பாத ஒரே மனிதர் எங்கள் தாராளம் பாய்தான்.

மந்தைவெளியில் பறக்கும் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருடைய கடை. கீழே கடை, மேலே வீடு. வெளிப்பக்கமாக ஓர் இரும்புப் படி. என் இஸ்திரி மேஜை அவர் கடையை ஒட்டி, அதே தகரக் கூரையின் நிழலில் இருந்தது. பதினாறு வருடம் அவர் பக்கத்தில் நின்று துணி தேய்த்திருக்கிறேன். கடைப் பலகையில் அவர் பெயர் கிடையாது, 'ஜென்ட்ஸ் டெய்லர்' என்று மட்டும் இருக்கும். பெயரை ஊர் வைத்துக்கொண்டது.

பேன்ட் தைக்க வந்தவரின் இடுப்பைச் சுற்றி டேப்பை வைப்பார். டேப் முப்பத்திரண்டு என்று சொல்லும். பாய் நோட்டில் முப்பத்தைந்து என்று எழுதுவார்.

"பாய், முப்பத்திரெண்டுதானே கீது?" என்பார் வந்தவர்.

"இப்ப மணி பதினொண்ணு. நீ இன்னும் துன்னல. துன்னப்புறம் அந்த வயிறு எங்க போவும்? தாராளமா உட்டாதான் மனுசன் மூச்சு உட முடியும்."

அவரிடம் பத்தாம் வகுப்பில் பேன்ட் தைத்த ஒரு பையன் அதைப் போட்டுக்கொண்டே கல்லூரி முடித்து, அதைப் போட்டுக்கொண்டே வேலைக்கும் போனான். அவர் தைத்த சட்டையில் மழைக்கு அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒதுங்கலாம். பிடிக்காதவர்கள் தி. நகர் போய் ரெடிமேட் வாங்கிக்கொண்டார்கள். பிடித்தவர்கள் பெல்ட் வாங்கிக்கொண்டார்கள்.

துணியோடு நின்றால் பரவாயில்லை. கழுத்தில் டேப் தொங்கும் நேரமெல்லாம் எதையாவது அளப்பார். மீன்காரம்மாவிடம் வஞ்சிரத்தைத் தலையை விட்டுவிட்டு அளந்து வாங்குவார். "எடையில ஏமாத்தலாம், நீளத்துல எப்பிடி ஏமாத்துவ?" என்று அந்த அம்மாவிடமே கேட்பார். அந்த அம்மா, "பாய் வர்றாரு, மீன மடிச்சி வெய்யி" என்று பக்கத்துக் கூடைக்காரியிடம் சொல்லும்.

ஊரடங்கு வந்தது. ரேஷன் கடை வாசலில் ஆளுக்கு மூன்றடி இடைவெளி விட்டு வட்டம் போட வேண்டும் என்றார்கள். டேப்பும் சாக்கட்டியும் கைவசம் வைத்திருப்பவர் பாய்தான். போட்டுக் கொடுத்தார். மூன்றடிக்கு மேல் ஒவ்வொரு வட்டத்துக்கும் ஆறு அங்குலம் தாராளம். வரிசை எங்கள் சந்தைத் தாண்டி, முக்குத் திரும்பி, அடுத்த தெருவில் போய் நின்றது. கடைசியில் நின்றவர்களுக்கு அது எதற்கான வரிசை என்பதே தெரியாது.

ரயில் சத்தம் நின்றுபோன நாட்கள் அவை. வெளியே போகாதவருக்கு மடிப்புச் சட்டை எதற்கு? எனக்கு வேலை சுத்தமாக இல்லை. வக்கீல் சார் ஒருவர் மட்டும் துணி அனுப்பினார். அவருக்கு கோர்ட்டு போனிலேயே நடந்தது. "சட்டைய மட்டும் தேய்ப்பா, பேன்ட் தெரியாது" என்று சொல்லி வெள்ளைச் சட்டைகள் அனுப்புவார். என் மனைவி பிள்ளைகளோடு அவள் அம்மா வீட்டுக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டாள். எனக்கு மூன்று வேளைச் சாப்பாடும் பாய் வீட்டு அக்காதான் கொடுத்தார். அக்கா என்றால் பாயின் மனைவி. சுருக்கமாகப் பேசுவார், சூடாகப் பரிமாறுவார்.

அப்போது கடைகளில் மாஸ்க் கிடைக்கவில்லை. பாய் எல்லாருக்கும் இலவசமாகத் தைத்துக் கொடுக்க ஆரம்பித்தார். அந்த மாஸ்க்கும் அவர் தைத்த பேன்ட் ஜாதிதான். மூக்கில் ஆரம்பித்துக் கழுத்தில் முடியும். பால் போடுகிறவர் அதைப் போட்டுக்கொண்டு வந்த முதல் நாள், அவரை அவருடைய சைக்கிளை வைத்துத்தான் அடையாளம் கண்டோம்.

கையிலிருந்த துணி நாலு நாளில் தீர்ந்தது. "வீட்ல பழசு எதுனா கீதா?" என்று தெருவில் கேட்டார். வேட்டி, தலையணை உறை, ஜன்னல் திரை என்று மூட்டை மூட்டையாகக் கடை மேஜையில் வந்து சேர்ந்தது. அதே மேஜையில், அதே நாளில், ஒரு பழைய வேட்டியில் சுற்றிய இன்னொரு சின்ன மூட்டையும் இருந்தது. அதை வைத்தது அக்கா. உள்ளே அவருடைய பாட்டில் பச்சைப் பட்டுப்புடவை. பருத்தி கலந்த பட்டு, கடுகு நிறக் கரை, முந்தானையில் மயில். மகள் கல்யாணத்துக்குக் கட்டியது. அடியில் வைத்துத் தைத்த பட்டை பிரிந்திருந்தது.

"மேஜ மேல வெச்சிகீறேன், பால்ஸ் பிரிஞ்சிகீது, தெச்சிக் குடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மெஷின் ஓடும்போது சொன்னார். மெஷின் ஓடும்போது யார் எதைச் சொன்னாலும் பாய் தலையாட்டுவார். ஒருமுறை, பாய் கடையைக் காலி செய்துவிட்டாராமே என்று யாரோ அவரிடமே கேட்டதற்கும் ஆட்டினார்.

மறுநாள் காலை அக்கா மேலே ஜன்னலைத் திறந்தார். பால் போடுகிறவர் போனார், முகத்தில் பாட்டில் பச்சை. குப்பை எடுக்கிற அம்மா வந்தது, பாட்டில் பச்சை, அதில் கடுகு நிறக் கரை. ரேஷன் வரிசையில் வட்டத்துக்கு வட்டம் பச்சை. கீழே குனிந்து பார்த்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்குக் கிடைத்தது முந்தானைப் பகுதி. என் மூக்கின் மேல் மயில் உட்கார்ந்திருந்தது.

அக்கா இறங்கி வந்தார். "தம்பி, அத கொஞ்சம் கழட்டு."

கழற்றிக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார். மயிலை விரலால் தடவினார்.

"யார் தெச்சது?"

ஒரே ஒரு தையல்காரர் இருக்கிற சந்தில் அது ஒரு கேள்வியா? மாஸ்க்கை என் கையிலேயே கொடுத்துவிட்டு மேலே போனார். அன்றையிலிருந்து பாயோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

பேச்சுதான் நின்றதே தவிர, குடும்பம் நிற்க முடியுமா? பேச வேண்டியதையெல்லாம் என் வழியாகப் பேசினார்கள். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினாலே எனக்குத் தொண்டை காய்ந்துவிடும். என் கல்யாணத்திலேயே என் மாமனார்தான் எனக்கும் சேர்த்துப் பேசினார். அப்படிப்பட்டவன் இரண்டு பேர் நடுவில் டெலிபோன் கம்பி ஆனேன்.

அக்கா படியில் நிற்பார். பாய் மூன்றடி தள்ளி மெஷினில் உட்கார்ந்திருப்பார். நடுவில் நான்.

"தம்பி, பருப்பு தீந்துபோச்சுன்னு உங்க மாஸ்டராண்ட சொல்லு."

"பாய், பருப்பு தீந்துபோச்சாம்."

"காலீலயே வாங்கி வெச்சிட்டேன்னு சொல்லு நைனா."

"வாங்கி வெச்சிட்டாராம் அக்கா."

"எங்க வெச்சிகீறாருன்னு கேளு."

"எங்க வெச்சிகீறீங்களாம் பாய்."

"அவங்க நின்னுகினு கீறாங்களே, அந்தப் படிக்குக் கீழன்னு சொல்லு."

இதில் வெட்கம் என்னவென்றால், இரண்டு பேர் சொல்வதும் இரண்டு பேருக்கும் நன்றாகக் கேட்கும். ஆனாலும் நான் திருப்பிச் சொல்லும்வரை அடுத்தவர் பதில் சொல்லமாட்டார்.

பாய் மன்னிப்புக் கேட்காமலும் இல்லை. இரண்டாம் நாளே என்னை மேலே அனுப்பினார். நான் பதினான்கு படியும் ஏறி, "பாய் மன்னிச்சிக்கச் சொன்னாரு அக்கா" என்றேன். "மன்னிச்சாச்சுன்னு சொல்லு தம்பி" என்றார். சொன்னேன். பேச்சு வரவில்லை. மன்னிப்பு வேறு இலாகா, பேச்சு வேறு இலாகா என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஒரு மத்தியானம் என் தட்டில் குழம்பு ஊற்றும்போது அக்காவே சொன்னார். "புடவ போனா போவுது தம்பி. தெருவுக்குத்தானே போச்சு. ஆனா பொண்ணு கல்யாணத்தன்னிக்கு முழுக்க அத கட்டிகினு அவர் கண்ணு முன்னாடிதான் நடந்துகினு இருந்தேன். கத்திரிக்கோலு வெக்கசொல்ல அவருக்கு அடையாளம் தெர்லன்னா, அன்னிக்கு அவர் இன்னாத்த பார்த்தாரு?"

இந்த ஒன்றை மட்டும் நான் கீழே கொண்டுபோகவில்லை. பருப்பையும் பாலையும் தூக்கிக்கொண்டு போகலாம். இதை எப்படித் தூக்குவது?

அடுத்த வாரம் பாய்க்குக் கவலை முற்றியது. "நைனா, இன்னும் அஞ்சி நாள்ல பிறை பார்ப்பாங்க. அப்பால நோன்பு. மனசுல ஒண்ண வெச்சிகினு நோன்பு ஆரம்பிக்கறது சரியில்ல. அதுவும் சஹர் சாப்பாட்டுக்கு என்னை எழுப்பறது அவதான். பேசாம எப்பிடி எழுப்புவா? விடியறதுக்கு முன்னாடி உன்னை அனுப்புவாளா?"

அனுப்புவார் என்றுதான் எனக்குத் தோன்றியது. நானும் கவலைப்பட ஆரம்பித்தேன்.

அன்று சாயங்காலம் பாய் என் மேஜைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி ஒரு விஷயம் சொன்னார். "அவளுக்கு இன்னா வோணும்னு கண்டுபுட்ச்சிட்டேன். ஜன்னலாண்ட குந்திகினு போன்ல ஒரு காபி படத்தையே பார்த்துகினு கீறா. பத்து தபா. நான் எண்ணினேன். பதினோராவது தபா சிரிச்சா நைனா. அந்தக் காபிய நான் போட்டுக் குடுக்கறேன்."

அந்தக் காபிதான் அப்போது ஊரையே பிடித்து ஆட்டியது. டல்கோனா காபி என்று பெயர். காபித்தூள் ஒரு ஸ்பூன், சர்க்கரை ஒரு ஸ்பூன், சுடுதண்ணீர் ஒரு ஸ்பூன், மூன்றையும் போட்டு அடித்துக்கொண்டே இருந்தால் வெண்ணெய் மாதிரி கெட்டி நுரை வரும். குளிர்ந்த பாலை டம்ளரில் ஊற்றி, அந்த நுரையை மேலே மெத்தை மாதிரி வைத்துப் படம் எடுக்க வேண்டும். குடிப்பது அவரவர் இஷ்டம்.

சமையலறை அக்கா வசம். அதனால் மறுநாள் எல்லாம் கடை வாசலிலேயே நடந்தது. என் இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு, மூடியைத் திறந்து, அதன் மேல் டவராவை வைத்துத் தண்ணீர் காய்ச்சினோம். தூள் என் அறையில் இருந்தது. ஃபில்டரில் போடுகிற தூள், சிக்கரி கலந்தது. பாய் இன்னொரு டவராவில் அதைப் போட்டு, சர்க்கரை போட்டு, ஒரு ஸ்பூன் தண்ணீர் ஊற்றினார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு இன்னும் அரை ஸ்பூன் ஊற்றினார்.

"ஒரு ஸ்பூன்னுதானே சொன்னீங்க பாய்."

"தண்ணில போட்டா எல்லாம் சுருங்கும் நைனா. கொஞ்சம் தாராளமா உடணும்."

மத்தியானம் முழுக்க அடித்தார். நுரை வரவில்லை. வண்டல் வந்தது. மழைக்காலத்தில் எங்கள் சந்தில் தேங்குமே, அதே நிறம். கொட்டிவாக்கத்தில் இருக்கிற மகளுக்கு போன் போட்டார். மகள் சிரித்த சிரிப்பு போனுக்கு வெளியே எனக்கும் கேட்டது.

"அத்தா, அது டிக்காஷன் தூளு. கரையாது. தண்ணில கரையுமே, இன்ஸ்டன்ட் தூளு, அது வோணும். இத வெச்சிகினு பொழுது சாயற வரைக்கும் அடிச்சாலும் வராது."

"பொழுது சாய இன்னும் ரெண்டு அவர் கீதும்மா" என்றார் பாய். போனை வைத்துவிட்டு அந்த இரண்டு மணி நேரமும் அடித்தார். மகள் சொன்னது சரிதான்.

அடுத்த நாள், மளிகைக் கடை வாசலிலும் அவரே போட்டிருந்த வட்டங்களில் வரிசையாக நின்று, இன்ஸ்டன்ட் காபித்தூள் பாக்கெட்டுகளைச் சரமாக வாங்கி வந்தார். அதைக் கழுத்தில் டேப்போடு சேர்த்துப் போட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்து நாய் குரைத்தது. தூள் சரி. ஆனால் கை அதே கைதான். ஒரு ஸ்பூன் தண்ணீர் ஊற்றிவிட்டு, யாரும் பார்க்காத மாதிரி இன்னும் கொஞ்சம் சாய்த்தார். அடித்தார். கருப்பாகத் தளதளவென்று ஆடியதே தவிர நுரைக்கவில்லை.

"கை வேகம் பத்தல" என்றார். பார்வை மெஷின் பக்கம் போனது.

தையல் மெஷினில் வலது ஓரத்தில் பாபினுக்கு நூல் சுற்ற ஒரு சின்னக் கம்பி இருக்கும். மிதித்தால் பம்பரம் மாதிரி சுற்றும். பாய் ஒரு முள்கரண்டியை அந்தக் கம்பியில் நூலாலேயே இறுக்கிக் கட்டினார். என்னை டவராவை அதற்கு நேராகப் பிடிக்கச் சொன்னார். கம்பி படுத்தவாக்கில் சுற்றுவதால், டவராவையும் சாய்த்துப் பிடிக்க வேண்டும். குழந்தைக்கு மருந்து புகட்டுகிற மாதிரி நான் பிடித்தேன்.

"ரெடியா?"

நான் தலையாட்டுவதற்குள் மிதித்துவிட்டார். அடுத்த நொடி டவரா காலியாக இருந்தது. காபி ஒரு சொட்டுகூட வீணாகாமல், நூல் பிடித்த மாதிரி நேர்கோட்டில், என் மேஜையில் தேய்த்து வைத்திருந்த வக்கீல் சார் சட்டையின் வலது மார்பில் போய் இறங்கியிருந்தது. மேலே ஜன்னலில் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். திரைதான்.

இரண்டு முறை துவைத்தேன். கறை போகவில்லை. மறுநாள் காலை கோர்ட்டு. வேர்வையில் நான் நனைந்துவிட்டேன்.

"இதுக்கா பயந்துகினு கீற?" என்றார் பாய். வெள்ளைத் துணியைக் கத்தரித்து, கறையின் மேல் ஒரு பாக்கெட் வைத்துத் தைத்துவிட்டார். இடது பக்கம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. வலது பக்கம் வந்தது அதைவிடப் பெரியது. ஒரு வழக்குக் கட்டையே மடித்து உள்ளே வைக்கலாம்.

வக்கீல் சார் சட்டையை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "ஏம்பா, இதுல ரெண்டு பாக்கெட்டா இருந்துது?"

நான் தரையைப் பார்த்தேன். நான் எப்போதும் தரையைத்தான் பார்ப்பேன் என்பதால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. அதற்கப்புறம் அவர் அந்தப் பெரிய பாக்கெட்டில்தான் மூக்குக்கண்ணாடி வைத்துக்கொண்டார். வசதியாக இருக்கிறது என்று பிறகு ஒருநாள் சொன்னார்.

இப்படியே மூன்றாம் நாளும் நான்காம் நாளும் போயின. ஒருமுறை ஹேங்கரை வளைத்து அடித்தார். ஒருமுறை பட்டன் டப்பாவில் ஊற்றி, மூடி, குலுக்கினார். உள்ளே ஒரு பட்டன் மிச்சம் இருந்தது. சத்தம் மட்டும் நன்றாக வந்தது. எது மாறினாலும், ஒவ்வொரு முறையும் அந்தக் கூடுதல் அரை ஸ்பூன் தண்ணீர் மட்டும் மாறவில்லை. எனக்கு அது தெரிந்திருந்தது. ஒரு தடவை சொன்னேன், அவர் கேட்கவில்லை. இரண்டாவது தடவை சொல்கிற பழக்கம் எனக்கில்லை.

பிறை பார்க்கிற நாள் வந்தது. வெயில் தாழ்ந்து, சந்தில் நிழல் இறங்கியிருந்தது. பாக்கெட் சரத்தில் கடைசி இரண்டு பாக்கெட்தான் பாக்கி. பாய் முகத்தில் விளையாட்டு இல்லை. அன்றைக்கு மாடிப்படி ஏறி நோன்பு வாழ்த்துச் சொல்கிற முதல் ஆளாக, என்னை அனுப்பாமல், தானே போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. காலையில் என்னிடம் சொல்லியிருந்தார். ஒரு டம்ளரில் பால் ஊற்றித் தயாராக வைத்தார். ஒரு கிண்ணத்தில் தூளைக் கொட்டினார். சர்க்கரை போட்டார். இஸ்திரிப் பெட்டியின் மேல் டவராவில் தண்ணீர் கொதித்தது. ஒரு ஸ்பூன் எடுத்து ஊற்றினார். கை நின்றது. பிறகு அந்தக் கை, முப்பது வருடமாக முப்பத்திரண்டை முப்பத்தைந்தாக எழுதிய அதே கை, மெதுவாகத் தண்ணீர்ப் பக்கம் திரும்பியது.

"போதும், ஊத்தாதீங்க."

மேலே ஜன்னலிலிருந்து வந்தது குரல்.

பாய் அப்படியே உறைந்துவிட்டார். பதினெட்டு நாளைக்கு அப்புறம் வந்த முதல் பேச்சு. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுமோ என்று பயந்தாரோ என்னவோ. என் பக்கம் மெல்லத் திரும்பினார்.

"நைனா, மேலருந்து இன்னா சொன்னாங்க?"

அவருக்குக் கேட்டிருந்தது. எனக்கும் கேட்டிருந்தது. சந்தின் முக்கில் படுத்திருந்த நாய்க்கே கேட்டிருக்கும். வழக்கப்படி நான் திருப்பிச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். என் வாழ்க்கையில் நான் யோசித்துச் சொன்ன ஒரே பொய் அதுதான்.

"எனக்குக் கேக்கல பாய்."

கெடுத்துவிட்டோமோ என்று நினைத்தேன்.

"காது அடைச்சிகிச்சா ரெண்டு பேருக்கும்?" என்றார் அக்கா. "ஒரு ஸ்பூன்னா ஒரு ஸ்பூன்தான். நாலு நாளா மேலருந்து பார்த்துகினு கீறேன். தண்ணிய ஊத்தி ஊத்திக் கெடுக்கறீங்க. அதுவும் பேன்ட்டா, பெரிசா தெச்சி பெல்ட் கட்றதுக்கு?"

"சுருங்கிடும்னு…" என்றார் பாய், மேலே பார்க்காமல்.

"காபி எப்பிடி சுருங்கும்? கொண்டாங்க இங்க."

கொண்டாங்க என்று சொன்னாரே தவிர, அவரே இறங்கி வந்தார். இரும்புப் படியில் அந்தப் பதினான்கு சத்தத்தையும் நான் எண்ணினேன். பாய் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி, மெஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் வைத்து அடிக்க ஆரம்பித்தார். கறுப்பு பழுப்பானது, பழுப்பு வெளுத்தது. ஸ்பூன் போன தடம் கிண்ணத்தில் மறையாமல் நின்றது. அடித்துக்கொண்டே, கிண்ணத்தைப் பார்த்தபடியே, அக்கா கேட்டுவிட்டார். நான் தூக்க முடியாமல் விட்டதை அவரே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"அன்னிக்கு முழுக்க அந்தப் புடவைய கட்டிகினு உங்க கண்ணு முன்னாடிதானே இருந்தேன். எப்பிடி அடையாளம் தெரியாம போச்சி?"

பாய் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினார். பிரித்தார். மறுபடி சுருட்டினார்.

"மண்டபத்துல மேடை எறங்கசொல்ல உன் கால் தட்டிச்சில்ல, கீழ பால்ஸ் மாட்டிகினு?"

"ஆமா."

"கைய புட்ச்சது யாரு?"

ஸ்பூன் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பருந்து அன்னிக்கு முழுக்க, நீ எங்க உழுந்துடுவியோன்னு உன்னையேதான் பார்த்துகினு இருந்தேன். புடவைய எங்க பார்த்தேன்?"

ஸ்பூன் நின்றது. அக்கா என்னிடம் திரும்பி, "எப்பிடிப் பூசி மொழுவறாரு பார்த்தியா தம்பி" என்றார். ஆனால் அதைப் பாயிடம் சொல்லச் சொல்லவில்லை.

"இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?" என்று நேராக அவரைப் பார்த்துக் கேட்டார்.

"நீதான் பேசலயே."

"நான் பேசலன்னா, நீங்க பேசக்கூடாதா? மன்னிப்பு கேக்கக்கூட இந்தத் தம்பிதான் படி ஏறணுமா? பாவம், அது வாயத் தொறக்கவே காசு கேக்கும்."

"அவன்தான் ஒழுங்கா போய் சொல்றானே."

"சொல்றான், சொல்றான். ஒரு வாரமா நான் சொல்றதுல பாதிய முழுங்கிடறான்."

இரண்டு பேரும் என்னைப் பற்றி, என்னை வைத்துக்கொண்டே, எனக்கு எந்த வேலையும் கொடுக்காமல் சண்டை போட்டார்கள். நான் என் பெட்டியில் இருந்த கரியை ஊதினேன். கரி நன்றாகத்தான் இருந்தது.

நுரையைப் பால் மேல் வைத்தார் அக்கா. பாய் டேப்பை நீட்டி அளந்து, "ஒண்ணே கால் இன்ச்சு" என்றார். அக்கா ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"இதுக்கா இத்தினி பேரு அடிச்சிகினு கீறாங்க? மேல கசப்பு, கீழ வெறும் பாலு."

பாயும் குடித்துப் பார்த்தார். அவருக்கும் பிடிக்கவில்லை. எனக்கு ஒரு ஸ்பூன் நுரை கொடுத்தார்கள். உண்மையைச் சொன்னால், சலவைப் பொடி நுரையில் சர்க்கரை போட்ட மாதிரி இருந்தது. "நல்லா கீது" என்றேன். யாரும் நம்பவில்லை. அக்கா மேலே போய் என் தூளிலேயே டிக்காஷன் இறக்கி, மூன்று டம்ளர் சாதாரண காபி போட்டுக் கொண்டுவந்தார். அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் கொட்டிவாக்கத்திலிருந்து போன் வந்தது, பிறை அறிவித்துவிட்டார்கள் என்று. பாய் எழுந்து, மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்த அக்காவிடம் தானே நடந்து போய் நோன்பு வாழ்த்துச் சொன்னார். மறுநாள் விடிவதற்கு முன்னால் மேலே அக்கா அவரை எழுப்புகிற சத்தம் சந்து முழுக்கக் கேட்டது. நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு நன்றாகத் தூங்கினேன்.

போன வருடம் மகளுக்குக் குழந்தை பிறந்ததும் இருவரும் கொட்டிவாக்கத்துக்கே போய்விட்டார்கள். கடை இருந்த இடத்தில் இப்போது போன் பழுது பார்க்கிறார்கள். நல்ல பையன்கள்தான். என்னிடம் எதையும் கேட்பதில்லை, எதையும் சொல்லச் சொல்வதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வேலை குறைந்தால் பஸ் பிடித்துக் கொட்டிவாக்கம் போகிறேன். குழந்தையின் சட்டை முழங்காலுக்குக் கீழே தொங்குவதைப் பற்றியோ, அளந்து வாங்கிய மீனைப் பற்றியோ இரண்டு பேரும் நேருக்கு நேர் வாதாடிக்கொண்டிருப்பது வெளிக்கதவுவரை கேட்கும். கையை அழைப்பு மணி வரைக்கும் கொண்டுபோய்விட்டு, உடனே அழுத்தமாட்டேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.